ரோபோ ஏன் நின்றது? ஐந்தாவது ‘ஏன்’ வரை கேட்போம்

ரோபோட்டிக்ஸ் போட்டியில் தோற்றுத் திரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். “அண்ணா, அந்த ரெண்டு நிமிசத்த மறக்கவே முடியல. நான் மட்டும் அத கவனிச்சிருந்தா...” அந்த ‘அது’ ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு சென்சார், ஒருவருக்கு பேட்டரி, இன்னொருவருக்குக் கடைசி நேரத்தில் கழன்றுபோன ஒரு ஒயர். ‘நான் மட்டும்’ என்பது மாறுவதே இல்லை. போட்டி முடிந்து இரண்டு வருடம் கழித்தும், படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும், படுத்தால் அந்த இரண்டு நிமிடம் கண்ணுக்குள் ஓடுகிறது என்கிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் சேரியிலிருந்தும் காலனியிலிருந்தும் வீட்டின் முதல் பட்டதாரியாகப் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை. இன்று ஒரு ஆலையில் ஆட்டோமேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பக்கத்து மாணவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். அதனால்தான் இந்த வாக்கியம் என் காதில் இத்தனை முறை விழுகிறது.

இந்த வருத்தத்துக்குச் சந்தையில் இரண்டு மருந்து விற்கிறார்கள். ஒன்று, ‘மறந்துவிட்டு முன்னேறு’. இன்னொன்று, ‘உன் தவறை ஒப்புக்கொள், அடுத்த முறை கடுமையாக உழை’. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் முதல் கல்லூரி முதல்வர் வரை இந்த இரண்டில் ஒன்றைத்தான் கையில் கொடுப்பார்கள். பார்ப்பதற்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நடந்ததை ஒரு தனி ஆளின் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டுகின்றன. ஒன்று பூட்டிவிட்டுச் சாவியைத் தூக்கி எறியச் சொல்கிறது. மற்றது பூட்டிவிட்டு உள்ளேயே உட்காரச் சொல்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த வருத்தம் நோய் அல்ல. அது பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு விசாரணை. எங்கே நிறுத்தினார்கள், யார் நிறுத்தினார்கள் என்று பார்த்து, அதை முடிவு வரை கொண்டுபோனால்தான் அது நம்மை விடும்.

ஆலையில் ஒரு நியாயம், அரங்கில் ஒரு நியாயம்

ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் ஒரு முறை உண்டு. ஏதாவது ஓர் இயந்திரம் நின்றால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும். அந்த உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான தாயிச்சி ஓனோ இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவார். இயந்திரம் ஏன் நின்றது? சுமை அதிகமாகி ஃபியூஸ் போனது. சுமை ஏன் அதிகமானது? பேரிங்குக்குப் போதுமான மசகு எண்ணெய் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? எண்ணெய் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போனது. முதல் கேள்வியிலேயே நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். சில மாதங்களில் அதே ஃபியூஸ் மறுபடியும் போயிருக்கும்.

இந்தியாவில் எந்தப் பொறியியல் மாணவரைக் கேட்டாலும் இந்த ‘ஐந்து ஏன்’ தெரியும். தேர்வில் எழுதியிருப்பார். ஆனால் அதே மாணவரின் ரோபோ அரங்கில் நின்றுபோனால் அவருடைய கல்லூரி எத்தனை ‘ஏன்’ கேட்கிறது? ஒன்று. “ஏன் நின்னுச்சு?” “சார், சென்சார் சரியா படிக்கல.” “நீ சரியா பார்த்திருக்கணும்.” அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. மாணவன்தான் ஃபியூஸ். அவனைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வருடம் வேறு ஒருவனைப் பொருத்துவார்கள்.

ஒரு லைன் ஃபாலோயரை விசாரிப்போம்

நம் கல்லூரி விழாக்களில் அதிகம் நடக்கும் போட்டி லைன் ஃபாலோயர். வெள்ளைத் தளத்தில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பின்பற்றி ரோபோ தானாக ஓட வேண்டும். ரோபோவின் வயிற்றுக்குக் கீழே அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் சிறு எல்இடிகளும், திரும்பி வரும் கதிரை அளக்கும் சென்சார்களும் இருக்கும். வெள்ளை அதிகமாகத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு திரும்பினால் வெள்ளை, எவ்வளவு குறைந்தால் கறுப்பு என்பதற்கு ஓர் எல்லை எண்ணை புரோகிராமில் வைத்திருப்போம்.

இப்போது ரோபோ அரங்கில் நின்றுவிட்டது. ஏன்? கோட்டைத் தவறவிட்டது. ஏன் தவறவிட்டது? அரங்கில் இருந்த ஹாலோஜன் விளக்குகளின் அகச்சிவப்பு வெள்ளத்தில் சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி எல்லை எண்ணை ஏன் வைக்கவில்லை? பயிற்சி நடந்தது விடுதி அறையில், டியூப்லைட்டுக்குக் கீழே. டியூப்லைட்டில் அகச்சிவப்பு மிகக் குறைவு. ஏன் விடுதி அறையில் பயிற்சி? கல்லூரி ஆய்வகம் மாலை 5 மணிக்குப் பூட்டப்படும். அதற்குப் பிறகு சாவி ரோபோட்டிக்ஸ் கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். நான்கு ‘ஏன்’ முடிந்தது.

ஐந்தாவது ‘ஏன்’: நீ ஏன் கிளப்பில் இல்லை?

இந்த ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஏனென்றால் இதற்கான பதில் சர்க்யூட்டில் இல்லை.

நான் படித்த கல்லூரியில் கிளப்புக்கு ஆள் எடுக்க நேர்காணல் வைத்தார்கள். சீனியர்கள்தான் நடத்தினார்கள், முழுக்க ஆங்கிலத்தில். ஓம் விதியைப் பற்றிக் கேட்கவில்லை. பள்ளியில் என்ன கிட் வைத்திருந்தாய், எந்தெந்தப் போட்டிக்குப் போயிருக்கிறாய் என்று கேட்டார்கள். பிறகு சட்டென்று தமிழுக்கு மாறி, “எந்த ஊரு?” என்றார்கள். சொன்னேன். “ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்றார்கள். இந்தக் கேள்வியின் பொருள் என்னவென்று இதைப் படிக்கும் தோழர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த நாள் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இல்லை. ‘கம்யூனிகேஷன் போதவில்லை’ என்று காரணம் சொன்னார்கள்.

சாதி எந்த விதிமுறையிலும் எழுதப்பட்டிருக்காது. ‘கம்யூனிகேஷன்’, ‘எக்ஸ்போஷர்’, ‘டீம் ஃபிட்’ என்று வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். சென்னை ஐஐடியை ஆய்வு செய்து அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் எழுதிய நூலின் மையமும் இதுதான். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சாதிச் சொத்து, பொறியியல் கல்விக்குள் வந்ததும் ‘தகுதி’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. பெயர் மாறிய பிறகு அதைச் சாதி என்று சொன்னால், சொல்கிறவனைத்தான் சாதி வெறியன் என்பார்கள்.

பாராட்டு மேலே போகும், பழி கீழே இறங்கும்

கிளப்புக்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அடுத்த வருடம் இரண்டு பேர் விலகியதால் ‘மெக்கானிக்கல் உதவி’ என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே நான் பார்த்த வேலைப் பிரிவினையை அதன் பிறகு பல கல்லூரி அணிகளில் பார்த்துவிட்டேன். அலுமினியத்தை அறுப்பது, ராவுவது, துளை போடுவது, பெட்டியைத் தூக்குவது, ரிச்சி தெருவுக்குப் பேருந்தில் போய் மோட்டார் வாங்கி வருவது ஒரு பக்கம். புரோகிராம் எழுதுவது, நடுவர் முன்னால் நின்று விளக்குவது, கோப்பையோடு படம் எடுத்துக்கொள்வது இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் பட்டியல் போட்டுப் பாருங்கள். சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். ஐந்து பேர் உள்ள ஒரு மாணவர் அணிக்குள்ளும் அந்த அடுக்கு அப்படியே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது.

அந்த அணியோடு வேறு ஊரில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தின் விழாவுக்குப் போனோம். முதல் சுற்றிலேயே ரோபோ கோட்டை விட்டு விலகி நின்றது. திரும்பி வரும் ரயிலில் காரணம் முடிவாகிவிட்டது: ‘சக்கரம் சரியாகப் பொருத்தப்படவில்லை’. சக்கரம் பொருத்தியவன் நான். விடுதிக்கு வந்து அதே ரோபோவை, அதே சக்கரத்தோடு, அதே புரோகிராமோடு டியூப்லைட்டுக்குக் கீழே ஓட்டிக் காட்டினேன். ஒழுங்காக ஓடியது. வெயில் விழும் ஜன்னலோரம் டிராக்கை நகர்த்தினேன். நின்றது. சோதனை தெளிவாக இருந்தது. ஆனாலும் அறிக்கையில் சக்கரம் சக்கரமாகவே இருந்தது. புரோகிராம் எழுதியவரின் பெயர் அந்தப் பக்கத்தில் வரவே இல்லை.

இது ஏதோ ஒரு கல்லூரியில் நடந்த தனிக்கதை அல்ல. ஜெயித்தால் பாராட்டு புரோகிராமுக்கும் பேச்சுக்கும் போகிறது. தோற்றால் பழி ஒயருக்கும் சக்கரத்துக்கும் இறங்குகிறது. வருத்தம் என்பது எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடப்படும் உணர்வு அல்ல. கையால் வேலை செய்தவனின் தலையில்தான் அதைக் கொட்டுகிறார்கள். பிறகு அவனைப் பார்த்து, ‘ஏன் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்’ என்று கேட்கிறார்கள்.

ஒரே ஒரு வாய்ப்பு உள்ளவனின் தோல்வி

வருத்தத்தின் எடையைப் பற்றியும் பேச வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து லெகோ கிட்டோடு பயிற்சி வகுப்புக்குப் போன ஒரு பிள்ளை, கல்லூரி வருவதற்குள் பல போட்டிகளைப் பார்த்திருக்கும். பல முறை தோற்றும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தோல்வி என்பது அனுபவம். பதினெட்டு வயதில்தான் முதன்முதலாக ஆர்டுயினோ போர்டைத் தொட்ட பிள்ளைக்கு, நான்கு வருடத்தில் ஒரே ஒரு பயணத்துக்குப் பணம் புரட்ட முடிந்த பிள்ளைக்கு, அதே தோல்வி ஒரு தீர்ப்பு. தோல்வி ஒன்றுதான். வகுக்கும் எண்தான் வேறு. பத்தில் ஒன்று போனவனையும் ஒன்றில் ஒன்று போனவனையும் ஒரே மேடையில் நிறுத்தி ‘தோல்வி நல்லது’ என்று பேசுவது அயோக்கியத்தனம்.

“இப்போதான் எல்லா ஸ்கூல்லயும் லேப் வந்துடுச்சே” என்பார்கள். 2016-இல் ஒன்றிய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல பணம்தான். ஆனால் விண்ணப்பித்துத் தேர்வாகும் பள்ளிக்குத்தான் அது. அரசுப் பள்ளிகளோடு தனியார் பள்ளிகளும் அதே வரிசையில் நிற்கலாம். இடம், மின்சாரம், இணையம், பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் என்று எல்லாம் ஏற்கெனவே உள்ள பள்ளிக்கு விண்ணப்பம் எழுதுவது சுலபம். கூரை ஒழுகும் பள்ளியின் தலைமையாசிரியர் முதலில் கூரைக்குத்தான் மனு எழுதுவார். பொதுப் பணமும் போட்டி மூலம்தான் வழங்கப்படும் என்றால், முன்னால் நிற்பவன்தான் மேலும் முன்னால் போவான்.

அரங்குக்கு வருவதற்கு முன்பே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது. மிச்சப் பாதி முடிந்ததும் முழுப் போட்டிக்கும் சேர்த்து நம் பிள்ளை வருத்தப்படுகிறது.

யாருடைய வருத்தம் வழக்கானது?

வருத்தத்தை மனதுக்குள் வைத்துத் தீர்க்க வேண்டும் என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் தங்கள் வருத்தத்தை என்ன செய்தார்கள்? இந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

அன்றைய சென்னை மாநிலத்தில் வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவருக்கு 1, இசுலாமியருக்கு 1. மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியான பார்ப்பனர்களுக்கும், ஊருக்கு ஊர் சேரியாக விரிந்து கிடந்த மக்களுக்கும் அதே 2 இடம். அப்படியும் 1950-இல் இரண்டு பார்ப்பன மனுதாரர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். ஒருவர் மருத்துவ இடம் கேட்ட செண்பகம் துரைராஜன். இன்னொருவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காத சீனிவாசன். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த அரசாணை செல்லாது என்றது.

பொறியியல் இடம் கிடைக்காத ஒருவரின் வருத்தம் அன்று அடிப்படை உரிமைப் பிரச்சினை ஆனது. அவரை யாரும் ‘மறந்துவிட்டு முன்னேறு’ என்று சொல்லவில்லை. ‘அடுத்த முறை கடுமையாக உழை’ என்றும் சொல்லவில்லை. மூத்த வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், நீதிபதிகள் அமர்வு கூடியது.

நம் தரப்பில் என்ன நடந்தது? தந்தை பெரியாரும் திராவிட இயக்கமும் இந்தத் தீர்ப்பை வீட்டுக்குள் உட்கார்ந்து வருந்தித் தீர்க்கவில்லை. மாநிலமெங்கும் தெருவில் இறங்கினார்கள். 1951 ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பிரிவு 15-இல் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. இன்று நீங்களும் நானும் பொறியியல் கல்லூரி வாசலைத் தாண்டியதற்கு அந்த உட்பிரிவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு வந்த நுழைவுத்தேர்வு ஒழிப்பு, முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகை, 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவையும் யாரோ தங்கள் வருத்தத்தை மனநலப் பிரச்சினையாகச் சுருக்க மறுத்ததால் கிடைத்தவை.

ஆதிக்கச் சாதியின் வருத்தம் மனுவாகிறது, நம் வருத்தம் மாத்திரையாகிறது. இதைத்தான் மாற்ற வேண்டும். தூக்கமில்லாமல் தவிக்கும் தோழர்கள் மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் மருந்து எடுத்துக்கொண்டே மனுவும் எழுதலாம்.

‘அன்று ஜெயித்திருந்தால்’

வருத்தங்களிலேயே மிகக் கொடியது இதுதான். அன்று ஜெயித்திருந்தால் வேலை, பெயர், மரியாதை எல்லாம் வந்திருக்கும் என்ற நினைப்பு. இதைச் சோதித்துப் பார்க்க, உண்மையிலேயே ஜெயித்தவர்களின் கதை ஒன்று நமக்கு வேண்டும். அது அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே அந்தப் பிள்ளைகளை நிறுத்தியது சாதி அல்ல, குடியுரிமைக் காகிதம். ஆனால் பூட்டு ஒரே மாதிரிதான்.

2004-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில், ஏழைகள் வாழும் பகுதியில் இருந்த கார்ல் ஹேடன் என்ற அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து நான்கு மாணவர்கள் நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டிக்குப் போனார்கள். நால்வரும் மெக்சிகோவில் பிறந்து, முறையான காகிதம் இல்லாமல் அங்கே வளர்ந்தவர்கள். பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டி, நன்கொடையாகத் திரட்டிய சுமார் 800 டாலரை வைத்துச் செய்த அவர்களுடைய ரோபோவுக்கு, பசை நாற்றத்தால் ‘ஸ்டிங்கி’ என்று பெயர். எதிரே இருந்தவை பல்கலைக்கழக அணிகள். உலகப் புகழ்பெற்ற எம்ஐடியும் அதில் ஒன்று. போட்டிக்கு முன் மின்னணுப் பெட்டிக்குள் நீர் கசிந்தபோது, பெண்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பான்களை வாங்கி உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள். ஜெயித்தார்கள். எம்ஐடி இரண்டாம் இடம்.

பிறகு? இந்தக் கதை பத்திரிகையில் வந்தது, புத்தகமானது, 2015-இல் திரைப்படமும் ஆனது. ஆனால் 2006-இல் அரிசோனா வாக்காளர்கள், காகிதம் இல்லாத மாணவர்களுக்கு உள்மாநிலக் கல்லூரிக் கட்டணம் கிடையாது என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். நால்வரில் ஒருவர் பல மடங்கு உயர்ந்த கட்டணத்தைக் கட்ட முடியாமல் பல்கலைக்கழகப் படிப்பை விட்டார். ஒருவர் சமையல் தொழிலுக்குப் போனார். ஒருவர் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றும், சட்டப்படி குடியேற வேண்டும் என்று மெக்சிகோ திரும்பியபோது 10 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஒரு செனட்டர் தலையிட்ட பிறகுதான் 2010-இல் உள்ளே வர முடிந்தது. வந்தவர் அமெரிக்கப் படையில் சேர்ந்தார்.

எம்ஐடியைத் தோற்கடித்தவர்களுக்கே இதுதான் நிலைமை. கோப்பை கதவைத் திறக்காது. கதவில் பூட்டு இருக்கும்வரை, ஜெயித்தவன் கோப்பையோடு வெளியே நிற்பான், தோற்றவன் வெறுங்கையோடு நிற்பான், அவ்வளவுதான் வித்தியாசம். எனவே ‘அன்று ஜெயித்திருந்தால்’ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் தோழரே, நீங்கள் இழந்ததாக நினைக்கும் அந்த வாழ்க்கை அந்த அரங்கில் இருக்கவே இல்லை. அதை உங்கள் சக்கரமோ சென்சாரோ தட்டிப் பறிக்கவில்லை.

“எல்லாத்துக்கும் சாதியா?”

இந்த இடத்தில் ஒரு குரல் வரும். “அப்போ மாணவன் எதையும் கத்துக்க வேணாமா? எல்லாத்தையும் சாதி மேல போட்டுட்டு சும்மா இருக்கலாமா?”

கற்றுக்கொள்ள வேண்டும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டை ஒட்டி வெளி வெளிச்சத்தை மறைக்க வேண்டும். புரோகிராமில் நிலையான எல்லை எண்ணை வைக்காமல், தொடங்கும்போதே ரோபோவைக் கோட்டின் குறுக்கே இடமும் வலமும் ஆட்டி, ஒவ்வொரு சென்சாருக்கும் மிகக் குறைந்த அளவையும் மிக உயர்ந்த அளவையும் பதிவுசெய்து, அந்த இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப எல்லையைக் கணக்கிட வைக்க வேண்டும். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரே மாலையில் செய்துவிடுகிறார்கள். உங்கள் பங்கு என்று மிஞ்சுவது இவ்வளவுதான், ஒரு மாலை நேர வேலை. அதற்கு இரண்டு வருடத் தூக்கம் விலை கிடையாது.

ஐந்து ‘ஏன்’களில் இரண்டு உங்களுடையதாக இருக்கலாம். அந்த இரண்டையும் சரிசெய்யுங்கள். மிச்சம் மூன்றை உங்கள் கணக்கில் எழுத அனுமதிக்காதீர்கள். ‘எல்லாத்துக்கும் சாதியா’ என்று கேட்பவர்கள், எதற்குமே சாதி காரணமில்லை என்றுதான் தங்கள் அறிக்கைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் ‘ஏன்’ கேட்டதுமே பேனாவை மூடிவிட்டவர்களுக்கு, ஐந்தாவதுக்குப் போனவனைப் பார்த்து ‘நீ மிகைப்படுத்துகிறாய்’ என்று சொல்லத் தகுதி இல்லை.

செய்ய வேண்டியவை

ஒரு நோட்டு எடுங்கள். உங்களை உறுத்தும் அந்தப் போட்டியை எழுதுங்கள். ஒவ்வொரு ‘ஏன்’-ஐயும் ஒரு வரியாக எழுதி, பக்கத்தில் ‘இதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது’ என்று எழுதுங்கள். சென்சார் எல்லை எண்: அணியிடம். ஆய்வகச் சாவி: துறைத் தலைவரிடம். பயணச் செலவு: நிர்வாகத்திடம். கிளப் பட்டியல்: சீனியர்களிடமும் பொறுப்பாசிரியரிடமும். எழுதி முடித்ததும் உங்கள் பெயர் எத்தனை வரியில் வருகிறது என்று எண்ணுங்கள். மனதுக்குள் ஓடும் படத்தில் எல்லா வரியிலும் நீங்கள்தான் இருப்பீர்கள். தாளில் அப்படி இருக்காது.

அணியில் வேலையைச் சுழற்றுங்கள். எல்லோரும் அலுமினியம் ராவ வேண்டும், எல்லோரும் புரோகிராம் எழுத வேண்டும், எல்லோரும் நடுவர் முன் நின்று பேச வேண்டும். தமிழில் பேசுகிறேன் என்று சொல்ல உரிமை வேண்டும். யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். பழி இறங்கி வரும்போது அந்த நோட்டு குறுக்கே நிற்கும்.

அரசுக் கல்லூரியாக இருந்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கிளப்புக்கு எவ்வளவு செலவானது, உறுப்பினர்களை எந்த விதிப்படி தேர்ந்தெடுத்தார்கள், ஆய்வகம் எத்தனை மணிவரை யாருக்குத் திறந்திருந்தது என்று கேட்டு ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். தனியார் கல்லூரி என்றால் பத்துப் பேராகச் சேர்ந்து இதே கேள்விகளை எழுதி முதல்வரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே, தோற்ற ரோபோவைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், மோட்டாரையும் போர்டையும் கழற்றி உங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அவர்கள் பதினெட்டு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்தக் கல்வியாண்டின் ரோபோட்டிக்ஸ் அணிப் பட்டியல் உங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, யார் இல்லை என்று எண்ணுங்கள். ‘ஏன்’ என்று கேட்பதைப் போட்டி முடியும்வரை தள்ளிப்போடாமல் அன்றே தொடங்குங்கள்.